இரண்டு பாஜியோ, ஊரெல்லாம் குற்றாலிங்கம்

வீரர்களின் பெயரை முதுகில் அச்சிட்டு ஆடிய முதல் உலகக் கோப்பை 1994-இல் அமெரிக்காவில் நடந்தது. அதில் இத்தாலி அணிக்கு ஒரு சிக்கல். பத்தாம் எண் ஆட்டக்காரர் பாஜியோ. பதின்மூன்றாம் எண்காரரும் பாஜியோ. வெறும் குடும்பப் பெயரை மட்டும் அடித்தால் யார் எவர் என்று தெரியாது. ஆகவே ஒரு சட்டையில் ‘ஆர். பாஜியோ’ என்றும் இன்னொன்றில் ‘டி. பாஜியோ’ என்றும் அச்சிட்டார்கள். நம்மூர்ப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் எஸ். முருகன், கே. முருகன் என்று எழுதுவோமே, அதே உத்திதான்.

ராபர்ட்டோ பாஜியோ, டினோ பாஜியோ இருவரும் வடகிழக்கு இத்தாலியின் வெனெட்டோ பகுதிக்காரர்கள். ஒருவர் விச்சென்சா பக்கம், மற்றவர் பதோவா பக்கம். இருவரும் யுவென்டஸ் கிளப்பில் ஒன்றாக ஆடியவர்கள். 1993 யூஇஎஃப்ஏ கோப்பை இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் டார்ட்முண்டுக்கு எதிராக விழுந்த மூன்று கோல்களும் பாஜியோக்கள் போட்டவை. மறு ஆண்டு உலகக் கோப்பைக் காலிறுதியில் ஸ்பெயினை இத்தாலி 2-1 என்று வென்றபோதும் இரண்டு கோலும் பாஜியோ கோல்கள். அதற்கு முன் நார்வே ஆட்டத்தில் கோல்கீப்பர் பல்யூக்காவை நடுவர் வெளியேற்றியதும், பயிற்சியாளர் சாக்கி மாற்று கோல்கீப்பரை இறக்குவதற்காக ராபர்ட்டோவை வெளியே எடுத்தார். உலகமே திகைத்த அந்த ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்த ஒரே கோலை அடித்தவர் மற்ற பாஜியோ. இவ்வளவு பொருத்தம் இருந்தும் இருவருக்கும் ரத்த உறவு கிடையாது. அண்ணன் தம்பியா, சித்தப்பா பிள்ளைகளா என்று அந்தக் காலத்தில் இங்கே தூர்தர்ஷன் பார்த்தவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் வீண்.

ஒரே பெயரை இரண்டு பேர் சுமந்தால் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்? உறவையா, ஊரையா, சாதியையா? இத்தாலியர்களின் குடும்பப் பெயரைத் தென்காசி, குற்றாலம் வட்டாரத்துப் பெயர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி சூடுபிடிக்கிறது. குடும்பப் பெயர் என்ற ஒன்றே இந்த வட்டாரத்தில் பெரும்பாலோருக்குக் கிடையாது. ஆனால் குடும்பப் பெயர் இத்தாலியில் செய்கிற வேலைகளில் பாதியை இங்கே சொந்தப் பெயரே செய்துவிடுகிறது.

குற்றாலத்தில் அருவிக்கரையில் குற்றாலநாதர், அம்மன் குழல்வாய்மொழி. சுற்றுப்பட்டு ஊர்களில் குற்றாலிங்கம், குற்றாலம், குற்றாலநாதன் என்ற பெயர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. எழுதும்போதுதான் இந்த றகரமெல்லாம். பேச்சில் ஊர் குத்தாலம், ஆள் குத்தாலிங்கம். ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தென்காசிக்குள் வந்தால் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலும் உலகம்மனும். அங்கே காசி, விசுவநாதன், உலகநாதன், உலகம்மாள். வடக்கே சங்கரன்கோவிலுக்குப் போனால் சங்கரலிங்கம், சங்கரநாராயணன், கோமதி, கோமதிநாயகம், ஆவுடையம்மாள். ஆடித்தபசு அன்று அந்த ஊரில் நின்றுகொண்டு “கோமதி” என்று கூப்பிட்டால் எத்தனை தலை திரும்பும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பண்பொழி மலைமேல் இருக்கும் குமாரசாமியால் திருமலை, திருமலைக்குமார் என்ற பெயர்கள் செழித்தன. 2021-இல் வாசுதேவநல்லூர் தொகுதியில் வென்ற சதன் திருமலைக்குமார் பெயரைப் படித்ததும், எந்த மலை என்று இந்தப் பக்கத்து ஆட்கள் யாரையும் கேட்க மாட்டார்கள். கடையத்துக்கு அருகே பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் தர்காவுக்கு எல்லா மதத்தவரும் போகிறார்கள். முகைதீன், முகைதீன் பிச்சை என்ற பெயர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தின் முத்திரை. செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவும் அச்சன்கோவிலும். சாஸ்தாவும் ஐயப்பனும் கருப்பசாமியும் பெயர்களில் கலந்திருப்பதில் வியப்பில்லை.

பெரிய கோயில்கள் மட்டும்தான் பெயர் கொடுத்தன என்று நினைத்தால் தப்பு. சுடலைமுத்து, இசக்கிமுத்து, பேச்சிமுத்து, மாசானம், சொரிமுத்து என்ற வரிசை குலதெய்வங்களிடமிருந்து வந்தது. காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்கு வண்டி கட்டிப் போகிற குடும்பம், மூன்று தலைமுறையாக மும்பை தாராவியில் இருந்தாலும் ஒரு பிள்ளைக்காவது அந்தப் பெயரை வைத்துவிடும். சென்னையில் ஓர் அலுவலகத்தில் புதிதாக ஒரு நெல்லையப்பனோ இசக்கியம்மாளோ சேர்ந்தால், “நீங்க திருநவேலிப் பக்கமா?” என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிடும்.

இத்தாலியிலும் இப்படிப்பட்ட பெயர்கள் உண்டு. எஸ்போசிட்டோ என்றால் நேப்பிள்ஸ் பக்கம் என்பது ஏறக்குறைய நிச்சயம். யாரோ விட்டுச்சென்ற குழந்தைகளுக்கு அந்த ஊர் அனாதை இல்லம் வைத்த பெயர் அது. இன்று இன்டர் மிலானில் ஆடும் பியோ எஸ்போசிட்டோவும், கால்பந்தாட்டக்காரர்களான அவருடைய அண்ணன்மார் சால்வத்தோரே, செபாஸ்தியானோவும் நேப்பிள்ஸுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள். 2000-களில் காலியாரி அணிக்கு ஆடிய மவுரோ எஸ்போசிட்டோவும் அதே நேப்பிள்ஸ் வளைகுடாக்காரர்தான். ஆனால் வேறு குடும்பம். ரோஸ்ஸி என்பது இன்னொரு வகை. இத்தாலியிலேயே அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் அது. 1982 உலகக் கோப்பையில் ஆறு கோல் போட்ட பாவ்லோ ரோஸ்ஸியும், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்து இத்தாலிக்கு ஆடிய ஜுசெப்பே ரோஸ்ஸியும், மோட்டார் சைக்கிள் ஓட்டிய வாலன்டினோவும் ரோஸ்ஸிகள். அந்தப் பெயரை வைத்து யாருடைய ஊரையும் துப்புத் துலக்க முடியாது. நம்மிடம் முருகன், செல்வம், லட்சுமி போன்றவை அந்த வகை. குற்றாலிங்கம் எஸ்போசிட்டோ வகை.

சரி, ஓர் ஊரில் இருபது குற்றாலிங்கம் இருந்தால் என்ன செய்வார்கள்? அரசாங்கத்துக்கு முதலெழுத்து போதும். ஊருக்கு அது போதாது. “எந்தக் குத்தாலிங்கத்தக் கேக்கீய? மாவு மில்லு குத்தாலிங்கமா, கீழத்தெரு வாத்தியார் மவனா?” என்றுதான் விசாரணை தொடங்கும். தொழில், தெரு, தகப்பன், உடம்பின் அடையாளம், பழைய குறும்பு ஒன்று என எது கைக்குக் கிடைக்கிறதோ அதைப் பெயருக்கு முன்னால் ஒட்டுவார்கள். ஒட்டிய பட்டப்பெயர் சில வீடுகளில் இரண்டு தலைமுறைக்கு ஓடும்; அப்போது அது குடும்பப் பெயருக்கு மிக அருகே வந்துவிடுகிறது. ஆனால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அவர்கள் காதில் விழும்படி சொல்லவும் முடியாது.

பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தில்தான் இந்த ஏற்பாட்டின் நுட்பம் இருக்கிறது. கே. சங்கரலிங்கத்தின் மகன் எஸ். குற்றாலிங்கம். அவர் மகனுக்குத் தாத்தா பெயர், ஆக அவன் மறுபடியும் கே. சங்கரலிங்கம். இரண்டே பெயர்கள் இடம் மாறி மாறி நூறு ஆண்டு வந்துவிடும். மிலான் அணித்தலைவராக 1963-இல் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய செசாரே மால்டினி, 2003-இலும் 2007-இலும் தூக்கிய மகன் பாவ்லோ, 2024 அக்டோபரில் இத்தாலிக்காக முதல் ஆட்டம் ஆடிய பேரன் டேனியல் ஆகிய மூன்று பேரையும் ‘மால்டினி’ என்ற ஒரே கயிறு கட்டுகிறது. தென்காசி வீட்டில் கயிறு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு புரியாக முறுக்கிய கயிறு. வெளியூர் அதிகாரிக்குத்தான் அது கண்ணில் படாது.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளைக்கோ அதே பெயர். ஆகவே பிள்ளை வீட்டுக்குள் ராசா, தம்பி, அய்யா என்று வேறொரு பெயரில் வளரும். திருநெல்வேலியில் ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் கூடுகையை நடத்தி, பிறகு குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் குடும்பத்தில் இதை அப்படியே காணலாம். அவருடைய தகப்பனார் தீத்தாரப்ப முதலியார். மகனுக்கும் தீத்தாரப்பன் என்றே பெயர். ஆனால் நண்பர் வட்டமெல்லாம் அறிந்தது ‘தீபன்’ என்ற செல்லப்பெயரை. அந்தச் செல்லப்பெயரே அடுத்த தலைமுறைக்கு முதலெழுத்தாகிவிட்டது: டி.கே.சி.யின் பேரர் தம்மைத் தீப. நடராஜன் என்றே எழுதினார்.

‘முதலியார்’ பேரனுக்கு வரவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டில் குடும்பப் பெயருக்கு மிக அருகில் இருந்தவை பிள்ளை, தேவர், நாடார், ஐயர் போன்ற சாதிப் பட்டங்கள்தாம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அவற்றை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்த இரண்டு தலைமுறைகளில் பெரும்பாலான பெயர்களிலிருந்து அவை உதிர்ந்தன. கல்யாணப் பத்திரிகையிலும் தேர்தல் சுவரொட்டியிலும் சில இடங்களில் எட்டிப் பார்ப்பதோடு சரி. இந்தியாவின் வேறு பல பகுதிகளில் பெயரின் கடைசிச் சொல்லைக் கேட்டே ஒருவரின் சாதியை எடை போடுகிறார்கள். அந்தச் சொல்லையே இல்லாமல் செய்தது சின்ன காரியமல்ல. அதற்குக் கொடுத்த விலை, உலகத்து விண்ணப்பப் படிவங்களில் ஒரு கட்டம் காலியாகக் கிடப்பது.

அந்தக் காலிக் கட்டத்தில் தகப்பன் பெயர் போய் உட்காருவதைத் தமிழ்க் கால்பந்தாட்டக்காரர்களிடம் நன்றாகப் பார்க்கலாம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் தங்கராஜும் அருமைநாயகமும் ஆடியபோது சட்டையில் பெயரே கிடையாது. ஒற்றைப் பெயர் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. இப்போது நிலைமை வேறு. 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்துக் கொல்கத்தாவைக் கலக்கிய சென்னைக்காரர் பட்டியலில் நந்தகுமார் சேகர். சேகர் அவருடைய தகப்பனார் பெயர். இந்திய மகளிர் அணியின் இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் கதையும் இதேதான். ‘கதிரேசன் பந்தைக் கடத்துகிறார்’ என்று வெளிநாட்டு வர்ணனையாளர் முழங்கும்போது, ஆடுவது கடலூர் மாவட்டத்துப் பெண். கதிரேசன் அவர் அப்பா.

குமரி மாவட்டத்துக் கடற்கரையில், தூத்தூர் பக்கத்து இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜும் மைக்கேல் ரெஜினும் அண்ணன் தம்பி. இவர்களுக்குப் பொதுப்பெயர் முன்னால் நிற்கிறது. இத்தாலியரான பிலிப்போ, சிமோனே இன்சாகி சகோதரர்களைப் போல ‘மைக்கேல் சகோதரர்கள்’ என்று யாராவது எழுதினால் தவறில்லை. ஆனால் சொந்தப் பெயரே மைக்கேல் என்று எண்ணி இருவரையும் அப்படியே கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

இந்தியாவுக்கும் இரண்டு பாஜியோக்கள் இருந்தார்கள் என்றால், அவர்கள் இரண்டு விஜயன்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவனாகத் தொடங்கி, இந்திய அணித்தலைவராகி, ‘திமிரு’, ‘பிகில்’ படங்களின் வழியே தமிழர்களுக்கும் முகம் தெரிந்தவரான ஐ.எம். விஜயன் ஒருவர். தமிழ்நாட்டு ராமன் விஜயன் மற்றவர். இருவரும் தொண்ணூறுகளின் முன்னணி ஆட்டக்காரர்கள், இருவரும் கோல் அடிப்பவர்கள். 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவர் ராமன் விஜயன். இங்கே இருவருக்கும் பொதுவாக இருப்பது சொந்தப் பெயர். வேறுபடுத்துவது முன்னால் நிற்கும் தகப்பன், வீட்டுப் பெயர்கள். பாஜியோக்களின் கதையைத் தலைகீழாகப் பிடித்தது போல. 2016 ஐபிஎல்லில் புனே அணி ரவிச்சந்திரன் அஸ்வின், முருகன் அஸ்வின் என்று இரண்டு சென்னைச் சுழற்பந்துக்காரர்களை வைத்திருந்தபோது ஆர். அஸ்வின், எம். அஸ்வின் என்று எழுதியே சமாளித்தார்கள். நமக்கு அது மூன்றாம் வகுப்பிலிருந்தே பழகிய முறை.

தமிழ்ப் பெயர் நிஜமாகவே இத்தாலிய முறையில் குடும்பப் பெயராக உறைந்த இடங்கள் கடலுக்கு அப்பால் இருக்கின்றன. பிரெஞ்சுக் கரீபியத் தீவான குவாதலூப்புக்கு 1854 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். இறங்கியவரின் பெயரையோ அவர் அப்பா பெயரையோ எழுத்தர் தமக்குக் கேட்டபடி பிரெஞ்சில் எழுதினார்; பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் அதுவே விதிக்கப்பட்டது. சாமுவேல் முத்துசாமி என்ற நடுக்கள ஆட்டக்காரர் 1996-இல் பாரிஸில் பிறந்தார். தகப்பன் வழி குவாதலூப், தாய் வழி காங்கோ. 2022-இல் பிரெஞ்சுக் கோப்பையை வென்ற நான்ட் அணியில் இருந்தார். காங்கோ ஜனநாயகக் குடியரசின் தேசிய அணிக்கு ஆடுகிறார். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ‘மூத்துஸ்ஸமி’ என்று ஒலிக்கும் அந்தப் பெயரைச் சட்டையில் பார்க்கும் தமிழருக்கு முதலில் நம்பிக்கை வராது.

1860 முதல் நேட்டாலுக்குப் போனவர்களின் வழியில் வந்தவர் இன்னொரு முத்துசாமி. டர்பனில் பிறந்த செனுரான் முத்துசாமி தென்னாப்பிரிக்காவின் இடக்கைச் சுழற்பந்துக்காரர். 2025 நவம்பரில் குவாஹாட்டி டெஸ்டில் இந்தியாவுக்கு எதிராக 109 ரன் அடித்தவர். காங்கோ அணியின் முத்துசாமியும் தென்னாப்பிரிக்க அணியின் முத்துசாமியும் பாஜியோக்களைப் போலவே ஒருவருக்கொருவர் யாரோ. ஒரு காலத்தில் முத்துசாமி என்று ஓர் ஆள் இருந்தார் என்பதற்கு மேல் அந்தப் பெயர் எதையும் சொல்வதில்லை. எந்த ஊர், எந்தக் கோயில் என்பதெல்லாம் வழியிலேயே கழன்றுவிட்டது. மலேசியாவில் இப்படி உறையவில்லை. ‘இன்னாரின் ஆண்பிள்ளை’ என்று மலாயில் பொருள்படும் ஒரு குறியை நடுவில் போட்டுத் தகப்பன் பெயரைச் சேர்த்தார்கள். எழுபதுகளில் ‘ஸ்பைடர்மேன்’ என்று புகழ்பெற்ற கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம் முதலெழுத்தோடே வரலாற்றில் நின்றார். ஐஸ்லாந்துக்காரர்களும் ஏறக்குறைய நம்மைப் போல. அங்கே தகப்பன் பெயரோடு ‘மகன்’ என்று சேர்ப்பார்கள். 2018 உலகக் கோப்பையில் அவர்களுடைய சட்டைகள் ‘சன்’ ‘சன்’ என்று முடிந்ததைப் பார்த்து எல்லாரும் ஒரே குடும்பம் என்று சிரித்தவர்கள் உண்டு. அந்நாட்டு டெலிபோன் டைரக்டரியே சொந்தப் பெயர் வரிசையில்தான்.

இந்த உறைதல் தென்காசிப் பக்கத்திலேயே இப்போது நடக்கிறது. குற்றாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மத்தளம்பாறை. அங்கே அலுவலகம் போட்டு, தாமும் அந்தப் பகுதியிலேயே குடியேறிய சோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவின் உடன்பிறந்தவர்கள் குமார் வேம்பு, சேகர் வேம்பு, ராதா வேம்பு. வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளிநாடு போன குடும்பங்களில் இது சகஜமாகிவிட்டது: தகப்பனோ தாத்தாவோ கடைசிச் சொல்லாக நின்று, பிள்ளைகளுக்கும் தொடர்கிறார். இன்னும் இரண்டு தலைமுறை போனால் வேறு எந்த அமைப்பு இருந்தது என்பதே அந்தக் குடும்பங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

மறுபுறம் ஊரிலேயே இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது குற்றாலிங்கம் என்று பெயர் வைப்பது அபூர்வம். எண்கணிதம் பார்த்து, வடமொழி ஓசையில், இந்தியா முழுவதும் ஒன்று போலக் கேட்கும் பெயர்கள் வருகின்றன. தாத்தாவைத் திருப்திப்படுத்த ஜாதகத்தில் மட்டும் சங்கரலிங்கம், ஆதாரில் வேறு. ஒரு பெயரைக் கேட்டு அருவியையும் கோபுரத்தையும் நினைத்துக்கொள்ளும் வசதி அந்தப் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்களுக்கு இருக்காது. முதலெழுத்து பிழைக்கும் என்று தோன்றுகிறது. கோயில் பிழைக்குமா என்பது சந்தேகம்.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து டிராவல்ஸ்காரர்களுக்கு 2022 நவம்பரில் இந்த முழுப் பிரச்சினையும் ஒரே சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசிட் விசாவில் வருகிறவரை உள்ளே விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. முகைதீன் என்றோ காசி என்றோ ஒரே சொல்லோடு பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு டிக்கெட் கையில் இருந்தும் விமானம் ஏற முடியாது என்ற நிலை. பிறகு விளக்கம் வந்தது: பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும், அதையே குடும்பப் பெயராக ஏற்றுக்கொள்வோம்.